வேகிக்கொண்டே இருக்கும் ரப்பர்

நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைகளில் ‘வல்கனைசிங்’ என்று எழுதிய பலகையை இன்றும் பார்க்கலாம். கடைக்காரர் ட்யூபின் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டுவார். வேகாத பச்சை ரப்பர் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து, சூடான இரும்புக்கு அடியில் இறுக்கிச் சில நிமிடம் விட்டுவிடுவார். எடுக்கும்போது துண்டும் ட்யூபும் ஒரே உடம்பாக இருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நடப்பது என்ன என்று தேடித்தான் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் தன் வாழ்க்கையைச் செலவழித்தார். கடனுக்காகச் சிறைக்குப் போனார், குடும்பத்தை வறுமையில் தள்ளினார், ஆனாலும் விடவில்லை. மரத்துப் பாலிலிருந்து எடுத்த ரப்பர் கோடையில் பிசுபிசுத்து ஒழுகும், குளிரில் விறைத்து உடையும். அதனாலேயே 1830களில் அங்கே ரப்பர் பொருள் செய்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1839இல், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் இந்த இரண்டு குணமும் போய்விடுகின்றன என்று குட்இயர் கண்டுகொண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். 1860இல் கடன்காரராகவே இறந்தார்.

அவர் கண்டதற்கு இன்றைய விளக்கம் இதுதான். ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவதால்தான் பச்சை ரப்பர் வெயிலில் ஒழுகுகிறது. கந்தகத்தோடு சூடேற்றினால் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தக அணுக்கள் பாலம் போடுகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். பாலம் குறைவாக இருந்தால் ரப்பர் இளக்கமாக இருக்கும், கூடக் கூட இறுகும். கந்தகத்தை நிறையப் போட்டு நெடுநேரம் சூடேற்றினால் எபோனைட் கிடைக்கும். திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யும் பேனாக்களின் உடல் அந்தப் பொருள்தான். அதுவும் ரப்பர்தான் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அவ்வளவு கெட்டி.

அச்சிலிருந்து எடுத்து ஆறவைத்ததும் ரப்பருக்குள் நடக்கும் வேதிவினை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது முடிவதில்லை, மெதுவாகிறது. சோறு பதமாக வெந்ததும் வடித்துவிடலாம். ரப்பரை வடிக்க வழியில்லை. காரின் இன்ஜினில் மாட்டிய நாளிலிருந்து அது மறுபடி அடுப்பில்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் கந்தகமும் காற்றிலிருந்து உள்ளே புகும் ஆக்சிஜனும் புதுப் பாலங்களைப் போட்டுக்கொண்டே போகின்றன. சில இடங்களில் ஆக்சிஜன் சங்கிலியையே அறுத்துவிடுகிறது. பாலம் கூடிய ரப்பர் இறுகி வெடிக்கும், சங்கிலி அறுந்த ரப்பர் குழைந்து போகும். பழைய ஹோஸ் ஒன்று கட்டைபோல் விறைத்திருக்க, இன்னொன்று களிபோல் அமுங்குவதற்குக் காரணம் இதுதான்.

கார் பராமரிப்புப் பேச்செல்லாம் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறது. ஆயிலுக்கு அது சரி, டயருக்கும் ஓரளவு சரி. பெல்ட்டையும் ஹோஸையும் பொறுத்தவரை சூட்டையும் காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். வேதியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எல்லா வினைக்கும் இது துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், ரப்பர் முதுமையை மதிப்பிட இதுபோன்ற கணக்கைத்தான் ஆய்வுக்கூடங்களிலும் வைத்துக்கொள்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் ஹோஸுக்குள் ஓடும் கூலன்ட் சுமார் 90 டிகிரி. நிழலில் நிற்கும் வண்டியில் 30 டிகிரி. வித்தியாசம் 60 டிகிரி, அதாவது ஆறு தடவை இரட்டிப்பு, 64 மடங்கு. தினம் ஒரு மணி நேரம் ஓடும் கார் ஆண்டுக்கு 365 மணி நேரம் சூட்டில் இருக்கிறது. 64ஆல் பெருக்கினால் இரண்டரை ஆண்டுக்கு மேல் வருகிறது. சும்மா நின்ற மீதி நேரம் கிட்டத்தட்ட ஓராண்டு. காலண்டரில் ஓராண்டு கழியும்போது ஹோஸுக்கு மூன்றரை வயது ஏறியிருக்கும். இன்ஜின் கொதித்து 110 டிகிரியில் ஓடிய ஒவ்வொரு மணியும் சாதாரண ஓட்டத்தின் நான்கு மணிக்குச் சமம். ‘அன்றைக்கு ஒருநாள் சூடாச்சு, தண்ணி ஊத்தினேன், சரியாப் போச்சு’ என்கிற வண்டியில் அந்த ஒருநாளின் கணக்கு ரப்பரில் ஏறிவிட்டது.

கூலன்ட் ஹோஸ் பார்வைக்கு வெறும் கறுப்புக் குழாய். குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்கு தெரியும்: உள்ளே ரப்பர், நடுவே பின்னிய நூல், வெளியே மறுபடி ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது நூல். கசியாமல் காப்பது உள்ரப்பர். வெளிரப்பர் நூலுக்குப் போர்வை. நம் கண்ணுக்குப் படுவது இந்தப் போர்வை மட்டும்தான்.

உள்ளே எவ்வளவு அழுத்தம்? ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும். வெளிக்காற்றைவிட அத்தனை பார் கூடுதல் அழுத்தம் வரை மூடி திறக்காது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 1.1 பார் மூடியின் கீழ் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் திணறி ஏறும்போது இன்ஜின் முழு வேலை செய்கிறது, முகப்பில் மோதும் காற்றோ மிகக் குறைவு. அப்போது கொதிக்காமல் காப்பாற்றுவது இந்த அழுத்தம்தான். 35 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸில் ஒரு பார் அழுத்தம் இருந்தால், அதன் நுனியைக் குழாய்வாயிலிருந்து கழற்றித் தள்ளும் விசை ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமம். ஒரு கிளிப்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடான வண்டியில் மூடியைத் திறக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். திறந்த கணமே அழுத்தம் விழுகிறது, 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகச் சீறுகிறது. முகமும் கையும் வெந்துபோனவர்கள் நிறையப் பேர். அரை மணி நேரம் பொறுப்பதால் எந்த அவசரமும் கெட்டுவிடாது.

ஹோஸ் வெடித்தால் இன்னோர் ஆபத்து உண்டு. சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டுச் சில நேரம் மெல்லக் கீழே இறங்கும். ‘அப்பாடா, ஆறிவிட்டது’ என்று ஓட்டுபவர் தொடர்வார். ஆறியிருக்காது. வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். நீர் போனபின் அது வெறும் காற்றில் நிற்கிறது. இதற்குள் அலுமினிய ஹெட் எரிகிறது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட் என்றால் நடுவில் உள்ள கேஸ்கட் தாங்காது, ஹெட்டும் வளையும். சில நூறு ரூபாய் ஹோஸை மாற்றாததற்கு இன்ஜினைப் பிரிக்கும் செலவு வந்து நிற்கும்.

ஹோஸை எப்படிச் சோதிப்பது? வெளியே பார்த்து, வெடிப்பு இல்லை, பளபளப்பாக இருக்கிறது என்று விடுவதுதான் வழக்கம். ஆனால் கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்து கெடுகிறது. அதன் காரணம் மின்வேதியியலில் இருக்கிறது. இன்ஜினில் இரும்பு, அலுமினியம், சில வண்டிகளில் பித்தளை என்று வேறுவேறு உலோகங்கள் ஒரே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டு உலோகமும் நடுவே மின்கடத்தும் நீரும் இருந்தால் அது ஒரு பாட்டரி. ரப்பரைக் கறுப்பாக்கவும் உறுதியாக்கவும் சேர்க்கும் கார்பன் கரி ஓரளவு மின்சாரம் கடத்துவதால் ஹோஸும் இந்த மின்சுற்றில் சேர்ந்துகொள்கிறது. மிகச் சிறிய மின்னோட்டம்தான். ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், உள்ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்களை அது உண்டாக்குகிறது. கீறல் வழியே சூடான கூலன்ட் நூலை எட்டுகிறது. நூல் நைந்ததும் ஒருநாள் ஹோஸ் நீளவாக்கில் பிளக்கிறது. அன்று காலை வரை வெளித்தோல் புதிதாகவே இருந்திருக்கும்.

இந்தக் கேடு அதிகம் நடப்பது உலோகக் குழாயைத் தொடும் நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள். எனவே சோதிக்க வேண்டியது அங்கேதான், அதுவும் விரலால். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்திருக்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் சூட்டைப் பார்த்துத் தானே சுழலத் தொடங்கும் மின்விசிறி சில கார்களில் உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹோஸின் நுனியை அமுக்குங்கள், பிறகு நடுப்பகுதியை அமுக்குங்கள். இரண்டும் ஒரே மாதிரி எதிர்த்தால் நல்லது. நுனி மட்டும் தொளதொளவென்று அமுங்கினாலோ, உள்ளே வாய்க்கால்போல் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, மொறுமொறுவென்று ஏதோ உடையும் உணர்வு வந்தாலோ அந்த ஹோஸ் முடிந்தது. மேல் ஹோஸ்தான் இன்ஜினிலிருந்து வெளிவரும் சூட்டை முதலில் வாங்குகிறது, ஆகவே அது பெரும்பாலும் முந்திப் போகும். வாட்டர் பம்ப் அருகே ஒளிந்திருக்கும் சின்ன பைபாஸ் ஹோஸை யாரும் நினைப்பதே இல்லை. அதையும் விரல் தேட வேண்டும்.

ராத்திரி நிறுத்திய வண்டியின் மேல் ஹோஸ் காலையில் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தால் ஹோஸைக் குறை சொல்ல வேண்டாம். மூடியில் இரண்டு வால்வு உண்டு. ஒன்று சூட்டில் அழுத்தத்தை வெளியே விடும். மற்றது ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்கும். இந்த இரண்டாவது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் சப்பிப்போகும். மூடியை மாற்றினால் போதும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நமக்கென்ன பனியா உறையப்போகுது? கூலன்ட் எதுக்கு, தண்ணியே போதும்’ என்று போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதோடு சேர்த்த மருந்துகள் உலோகங்கள் அரிக்காமல் காக்கின்றன. உப்புத் தண்ணீரில் இந்தக் காவல் எதுவும் கிடையாது. கால்சியம் பாசிபோல் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்கிறது. கரைந்த உப்பு நீரின் மின்கடத்தலைக் கூட்டுகிறது, குளோரைடு அலுமினியத்தைத் தின்கிறது. மேலே சொன்ன பாட்டரிக்கு ஆசிட் ஊற்றிய மாதிரிதான். வழியில் ஆபத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், தப்பில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் அதை இறக்கிவிட்டு, பாட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீரும் கூலன்டும் கம்பெனி சொன்ன அளவில் கலந்து நிரப்ப வேண்டும். அரிப்பைத் தடுக்கும் மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும். பச்சையோ சிவப்போ நிறம் மட்டும் அப்படியே இருக்கும். நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம்.

இன்னோர் எதிரி ஆயில். இன்றைய கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. எத்திலீன், புரொப்பிலீன் வாயுக்களைக் கோத்துச் சங்கிலியாக்கும் இந்த வித்தைக்கு வழி திறந்தது கார்ல் ஸீக்ளரும் ஜூலியோ நாட்டாவும் கண்ட வினையூக்கிகள். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மரத்து ரப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் தாக்குவது அவற்றைத்தான், அதுவும் இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரை. வெடிப்பு எப்போதும் இழுப்புக்குக் குறுக்கே விழும். ஈபிடிஎம்மின் முதுகெலும்பில் அந்தப் பிணைப்பு இல்லை, ஆகவே ஓசோனுக்கு அது அசைவதில்லை. சூட்டையும் கிளைக்காலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது எண்ணெய் இனம். எண்ணெய் எண்ணெயை இழுக்கும். இன்ஜின் ஆயில் கசிந்து மேலே சொட்டினால் ஹோஸ் அதைக் குடித்து ஊதிப் பஞ்சாகிறது. டீசல் குழாய்க்கு வேறு ரப்பர், கூலன்டுக்கு வேறு ரப்பர் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அளவு பொருந்துகிறதே என்று கூலன்ட் ஹோஸைத் துண்டாக வெட்டி டீசல் வழியில் மாட்டுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். சூடான இன்ஜின்மேல் எரிபொருள் கசிந்தால் வண்டி மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் எரிவார்கள்.

இனி பெல்ட்டுக்கு வருவோம். ஒரு வட்டக் கப்பியை ரப்பர் வார் எப்படிப் பிடித்துச் சுழற்றுகிறது என்பதன் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே லியோனார்டு ஆய்லர் எழுதிவிட்டார். துறைமுகத்தில் படகின் கயிற்றைத் தூணில் சுற்றுகிறவருக்கு அது அனுபவத்தில் தெரியும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் கையில் பிடிக்கும் விசையைப் போல ஆறரை மடங்கைத் தூண் தாங்கும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்றாவது சுற்றில் 286 மடங்கு. கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. கெழுவும் சுற்றிய கோணமும் படிக்குறியில் உட்கார்ந்திருப்பதால் அவற்றில் ஏற்படும் சின்ன மாற்றம் முடிவைப் பெரிதாகப் புரட்டிவிடும். பெல்ட் கொஞ்சம் பளபளத்தாலோ கொஞ்சம் எண்ணெய் பட்டாலோ திடீரென்று வழுக்குவது ஏன் என்பதற்கான பதில் அந்தப் படிக்குறியில் இருக்கிறது.

கார் இன்ஜினில் பெல்ட்டைத் தூண்போல் மூன்று சுற்றுச் சுற்ற முடியாது, அரைச் சுற்றுதான் கிடைக்கும். தட்டை வார் என்றால் அரைச் சுற்றில் இழுப்பு விகிதம் வெறும் 2.6. போர்டின் மாடல் டி காரில் விசிறியை ஓட்டியது தட்டை வார்தான். 1917இல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் ரப்பரில் வி-பெல்ட்டை உருவாக்கினார். பக்கங்கள் சரிந்த பெல்ட், அதற்கேற்ற பள்ளமுள்ள புல்லி. இழுக்க இழுக்க பெல்ட் ஆப்புப்போல் பள்ளத்தில் இறங்கிப் பக்கச் சுவர்களை அழுத்துகிறது. பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால் உராய்வு மூன்று மடங்காகிறது. அதே அரைச் சுற்றில் விகிதம் 2.6லிருந்து 18க்குத் தாவுகிறது. மோட்டார் செட்டும் மாவு மில்லும் கண்ட நமக்கு இந்தப் பெல்ட் பழக்கமானதுதான். மதுரை கோச்சடையில் பென்னர் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது.

ஆப்பின் வேலை முழுவதும் பக்கச் சுவரில். பெல்ட்டின் அடிப்பக்கம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தேய்ந்த பெல்ட் கீழே இறங்கித் தரையைத் தொட்டுவிட்டால் ஆப்பு போய்விட்டது, மறுபடி தட்டை வார்க் கணக்குதான். புல்லியின் அடி பளபளவென்று மின்னினால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். இறுக்கிப் பயனில்லை. இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும்.

அம்பாசடரில் ஒரே வி-பெல்ட் விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஓட்டியது. அறுந்தால் மூன்றும் நின்றன. இன்று பல கார்களில் ஒரே நீள பெல்ட் பாம்பாக வளைந்து ஆல்டர்னேட்டர், ஏசி, ஸ்டீயரிங் பம்ப் எல்லாவற்றையும் சுற்றுகிறது. 1979 போர்டு மஸ்டாங் காரில் வந்த ஏற்பாடு அது. பெல்ட்டின் உள்முகத்தில் குட்டிக் குட்டி வி-வரிகள் இருக்கும். ஓட்டத்தில் பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்து ஸ்டீயரிங்கும் கனத்தால் பெல்ட் போயிருக்கிறது. அந்தப் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறது என்றால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்ட வேண்டும்.

‘பெல்ட் கத்துது’ என்று மெக்கானிக்கிடம் போகிறோம். கத்தல் இரண்டு வகை. ஏசி போட்டதும் கிறீச்சென்று நீளமாகக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது: பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர்கிறது. வயலின் தந்தியில் வில் செய்யும் அதே வேலை. குருவிபோல் கீச் கீச்சென்று விட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. ஓடும் இன்ஜினிலிருந்து தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தெரிந்துவிடும். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். சத்தம் அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்பினால் புல்லி கோணல். சத்தத்தை அடக்கப் பெல்ட்டில் ஸ்பிரே, சோப்பு, பவுடர் தடவுவது நோயை மூடிமறைக்கும். சில நாளில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

அனுபவப்பட்ட கைகள்கூட ஏமாறும் ஓர் இடம் உண்டு. 1930இல் டுபான்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் குழு நியோபிரீனைக் கண்டது. ஆயிலையும் சூட்டையும் ஓரளவு தாங்கும் அந்த ரப்பரில்தான் நெடுங்காலம் கார் பெல்ட்கள் வந்தன. முதுமை வந்தால் நியோபிரீன் வெடிக்கும். வரிகளில் குறுக்கு வெடிப்பு எத்தனை என்று எண்ணி மாற்றுவது மெக்கானிக்குகளின் பாடம். 1990களில் தொடங்கி பெல்ட்களும் ஈபிடிஎம்முக்கு மாறின. ஈபிடிஎம் லேசில் வெடிக்காது. டயர்போல் தேயும். வரிகளுக்கு நடுவே பள்ளம் அகன்று ஆழமாகிறது, மேலோட்டமாகப் பார்த்தால் பெல்ட் வழவழப்பாக நல்லபடி இருக்கும். ‘வெடிப்பே இல்லையே சார், இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, பழைய ரப்பரின் அறிகுறியைப் புது ரப்பரில் தேடுகிறார். வரிப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கச் சின்ன பிளாஸ்டிக் அளவி ஒன்று உண்டு. அது பள்ளத்தில் நிற்காமல் விளிம்போடு சமமாக அமுங்கினால் பெல்ட் தேய்ந்துவிட்டது.

மூன்றாவது பெல்ட் கண்ணுக்கே தெரியாது. பிளாஸ்டிக் மூடிக்குள் பற்களோடு ஓடும் டைமிங் பெல்ட். பற்பெல்ட் முதலில் 1940களில் சிங்கர் தையல் மிஷினுக்காக உருவானது. ஊசியும் அடிநூலும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டுமே. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி அதைத் தன் 1004 காரில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாப்டை ஓட்ட வைத்தது. 1966இல் அமெரிக்காவில் போன்டியாக்கும் இத்தாலியில் ஃபியட்டும் தொடர்ந்தன. சங்கிலியைவிட மலிவு, சத்தம் குறைவு, ஆயில் வேண்டாம். மாருதி 800இலும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவிலும் இதே ஏற்பாடுதான்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பல இன்ஜின்களில் திறந்த வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றே. நேரம் மட்டுமே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், திறந்திருக்கும் வால்வுகள் திறந்தபடி நிற்கும், கிராங்க் ஓட்டத்தில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டன் உடையும். டீசல் இன்ஜினில் அழுத்த விகிதம் அதிகம், மேலே இடமே கிடையாது, ஆகவே அங்கே ஆபத்தும் அதிகம். ஹோஸைப்போல் ஆவியோ, வி-பெல்ட்டைப்போல் கத்தலோ, முன்னெச்சரிக்கை எதுவும் இதில் பெரும்பாலும் வராது. ஆகவேதான் கம்பெனிகள் பார்த்து மாற்றச் சொல்வதில்லை, கணக்குப் பார்த்து மாற்றச் சொல்கின்றன: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது. அந்த ‘அல்லது’க்குப் பின்னால் உள்ளதைத்தான் நம்மில் பலர் படிப்பதில்லை.

டைமிங் பெல்ட்டின் பலம் உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறு. இழுப்புக்கு அது அசராது, மடிப்புக்கு உடையும். புதுப் பெல்ட்டை மடக்கிப் பையில் திணித்தாலோ, முறுக்கிப் பார்த்தாலோ, மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலோ உள்ளே இழைகள் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடத்தில் அறும். அதனால்தான் பெல்ட்டைப் பெட்டியோடு கேட்டு வாங்க வேண்டும் என்பேன். இன்னொன்று, பெல்ட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலை. டென்ஷனரும் ஐட்லர் பேரிங்கும் அதே வயதுடையவை. அவற்றில் ஒன்று இறுகினால் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும். இந்தப் பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கூலி ஒன்றுதான், பிரிக்கும் வேலையும் ஒன்றுதான்.

உங்கள் காரில் சங்கிலியா, பெல்ட்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாருதியின் கே-சீரிஸ் போன்ற பல இன்ஜின்களில் சங்கிலி இருக்கிறது. அதற்கு இந்தக் கெடு கிடையாது. சில இன்ஜின்களில் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. போர்டின் 1.0 இகோபூஸ்ட் அந்த வகை. தப்பான ஆயிலோ, பெட்ரோல் கலந்த பழைய ஆயிலோ அந்த ரப்பரைக் குழைத்து உதிர்க்கும். உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. அத்தகைய வண்டியில் கம்பெனி சொன்ன ஆயிலைச் சொன்ன காலத்தில் மாற்றுவதும் பெல்ட் பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பழைய கார் வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ‘ஒரே ஓனர், பத்து வருஷத்தில் 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்றால் வாங்குபவர் முகம் மலரும். குறைவாக ஓடிய காரில் சூட்டில் கழிந்த மணிகள் குறைவுதான், ஆனால் பத்துக் கோடைகளில் வெயிலில் மூடிக் கிடந்த பானெட்டுக்குள் ஆக்சிஜன் வேலையை நிறுத்தியிருக்காது. மாறாத கூலன்ட் தன் மருந்தைத் தீர்த்திருக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிவந்த வாரமே பெல்ட்கள், டென்ஷனர், ரேடியேட்டரின் மேல் கீழ் ஹோஸ், மூடி, கூலன்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டு, தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் ரப்பரின் வயதை ஊகிக்காமல் படித்துத் தெரிந்துகொள்வார்.